கூலி இல்லாத வேலைக்கும் அதே கையெழுத்து

ராஜகீழ்ப்பாக்கம், சென்னை
ஆவணி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் நடக்கிறார். நீ அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது மனதிலேயே நிற்கிறது. "31 வருஷம் வேலை பார்த்தாச்சு, இன்னும் எதுக்கும்மா வெயில்ல பாட்டிலைத் தூக்கிக்கிட்டு அலையறே? யாராவது சம்பளம் தர்றாங்களா?" என்றாய். அக்கறையில்தான் கேட்டாய், தெரியும். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கடைசியில் உன்னிடம் ஒரு வேலையும் கேட்கப் போகிறேன்.

நான் வேலை பார்த்த தண்ணீர்ப் பரிசோதனை லேபில் எல்லா ரிப்போர்ட்டின் அடியிலும் ஒரு வரி அச்சாகியிருக்கும்: "கொண்டுவந்து கொடுத்த மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும்." அதற்குக் கீழே என் கையெழுத்து, சீல். அந்த வரியில் தப்பில்லை. யாரோ எந்தப் பாட்டிலிலோ பிடித்துவந்த தண்ணீருக்கு அதற்கு மேல் எப்படிப் பொறுப்பேற்பது? ஆனால் ஒரு நாள் மட்டும் எனக்கு மறக்கவில்லை. உனக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். கைக்குழந்தையோடு ஒரு பெண் ரிப்போர்ட் வாங்க வந்தாள். அவள் வீட்டுக் கிணற்றில் நைட்ரேட் லிட்டருக்கு 120 மில்லிகிராம். இப்போதைய குடிநீர்த் தரத்தில் 45தான் எல்லை, அதில் எந்தச் சலுகையும் கிடையாது. அவள் தாளை மடித்துக்கொண்டே, "காய்ச்சித்தாம்மா குழந்தைக்குக் குடுக்கறேன்" என்றாள். பின்னால் வரிசை நின்றது. நான் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும். கைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். இத்தனையும் தெரிந்தவள் ஒரு நிமிஷம் நிறுத்திச் சொல்லவில்லை. உறைத்ததும் எழுந்து வாசலுக்கு ஓடினேன். அதற்குள் பஸ் ஏறிவிட்டாள். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நான் ரிடையர் ஆன மறு வருஷம்தான் 2019. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்தது. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அப்பா கால்குலேட்டரை எடுத்தார். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நம் ஊருக்கு வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்றால் ஏறக்குறைய 1,30,000 லிட்டர். அந்த ரயில் அவ்வளவு தூரம் சுமந்துவந்தது இருபது மொட்டைமாடிகளில் ஒரு வருஷம் விழும் மழையைத்தான். நம் தெருவின் ஒரு பக்கத்திலேயே இருபது வீடுகள் இருக்கின்றன, பாப்பா.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் படித்த ஒருவர் வாசலில் வந்து நின்று சொன்னால் ஜனங்கள் கேட்கிறார்கள். சேகர் ராகவன் இயற்பியல் படித்தவர். தொண்ணூறுகளில் பெசன்ட் நகர்ப் பக்கம் வீடு வீடாகப் போய், மழையை மண்ணுக்குள் இறக்குங்கள் என்று சொன்னார். எத்தனை கதவுகள் மூடியிருக்கும்! 2003இல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டமே வந்தது. அதற்கு முன்பே நடந்த கால்கள் அவருடையவை.

இனி நம் தாங்கல் கதை, அந்தச் சின்ன ஏரியின் கதை. சின்ன வயதில் நீ தட்டான் பிடித்த அதே தாங்கல். சில வருஷங்களுக்கு முன்னால் நல்ல மனசுள்ள சிலர் நன்கொடை திரட்டி அதைச் சீரமைத்தார்கள். ஜேசிபி விட்டுத் தூர் வாரி, நாலா பக்கமும் உயரமாகக் கரை போட்டு, மேலே நடைபாதை, பெஞ்சு. திறப்பு விழாவுக்கு நானும் போய்க் கைதட்டினேன். ஏரிக்கு மேட்டுப் பக்கத்தில் கரை இருக்காது, அந்தப் பக்கம் திறந்திருந்தால்தான் பெய்கிற மழை உள்ளே வடியும் என்று அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அந்தக் கார்த்திகையில் மேட்டுத் தெருக்கள் மூன்றில் முழங்கால் தண்ணீர். தாங்கலோ பாதிகூட நிரம்பவில்லை. அதில் வந்து சேர்ந்தது சாக்கடை. நாற்றத்தில் பெஞ்சில் உட்கார ஆளில்லை.

அப்போதுதான் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தோம். பின் தெருவில் இருக்கும் ரிடையர்ட் சர்வேயர் ஐயா தாலுகா ஆபீசுக்கு நாலு நடை நடந்து கிராம வரைபடம், ஒவ்வொரு நிலத்தின் அளவையும் காட்டும் புலப்பட நகல், எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் அ-பதிவேடு மூன்றையும் வாங்கிவந்தார். தாங்கலுக்கு மேற்கே, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் ஒன்று "வாய்க்கால் புறம்போக்கு" என்று பதிவாகியிருந்தது. இருபது வருஷமாக அதன்மேல்தான் நடந்து காய்கறி வாங்கப் போகிறேன், அது வாய்க்கால் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர்த் தொட்டி வீட்டு இன்ஜினீயர், தெரிந்தவரிடம் மேடு பள்ளம் அளக்கும் டம்பி லெவல் கருவியை இரவல் வாங்கிவந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணியிலிருந்து. அப்பாதான் ஸ்டாஃப் என்கிற நீளமான அளவுகோலைப் பிடித்தார். முழங்கால் வலி அப்போது வந்ததுதான். தெருவின் தாழ்ந்த இடத்தைவிடக் கரையில் பதித்த குழாயின் வாய் 35 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. தண்ணீர் எப்படி ஏறி உள்ளே போகும்? வருஷக்கணக்கில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்ததை அந்த ஒரு எண் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டது.

என் பங்குக்கு, தாங்கலில் வந்து விழும் வடிகாலில் ஏழு இடங்களில் தண்ணீர் எடுத்தேன். நீ சொல்லும் "பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைவது" அதுதான். கிருமிப் பரிசோதனைக்கான பாட்டில் தனி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். சாக்கடை கலந்தால் கூடும் அம்மோனியா, ஐந்தாவது இடம்வரை லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே. ஆறாவது இடத்தில் 20ஐத் தாண்டியது. இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டிடத்தின் கழிவுநீர்க் குழாயை மழைநீர் வடிகாலில் நேராகச் செருகியிருந்தார்கள். மேலே சிமென்ட் பலகை மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

எதிர்வீட்டு வக்கீல் அம்மாதான் எல்லாவற்றையும் மனுவாக்கினார். ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற நம் மாநிலத்தில் 2007ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதை வைத்து. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பையும் எனக்குப் படிக்கக் கொடுத்தார். மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு. வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கு என்றாலும் அதில் திண்டுக்கல் பக்கத்துக் கணக்கு ஒன்று வருகிறது. 13 கிராமங்களில் குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்று. நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். யாரோ வெயிலில் ஒவ்வொரு கிணறாகப் போய் எட்டிப் பார்த்து, எண்ணி, எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

மனுவை வாங்கிய இளம் அதிகாரி முதலில் கேட்டது, "ஸ்டாஃப் ரீடிங் இருக்கா?" இருந்தது. உட்காரச் சொன்னார். அடுத்த மாதம் அந்தக் கழிவுநீர்க் குழாயை அடைத்தார்கள். வரத்துக் கால்வாயில் இன்னும் 60 மீட்டர் மூடித்தான் கிடக்கிறது, ஃபைல் நகர்ந்துகொண்டிருக்கிறது. நாங்கள் கொடுக்கும் எல்லாத் தாளிலும் "இதை நீங்களும் ஒருமுறை அளந்து சரிபார்க்கவும்" என்று எழுதுகிறோம். அது அவர்கள் வேலை, சம்பளம் வாங்கிச் செய்ய வேண்டிய வேலை. நாங்கள் செய்கிறோம் என்பதற்காக அவர்கள் கையைக் கட்டிக்கொள்ளக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எங்களோடு வரும் ஒரு பையன், தங்கமான பிள்ளை, டிடிஎஸ் பேனாவோடு வீடு வீடாகப் போய், "120தான் காட்டுது, தாராளமா குடிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பேனா கரைந்திருக்கும் உப்பைத்தான் காட்டும். கிருமியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதே வீட்டுத் தண்ணீரைக் கிருமி பார்க்கும், கிருமி இருந்தால் கறுத்துப்போகும் சின்ன பாட்டிலில் ஊற்றி அவன் கையிலேயே கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையில் கன்னங்கரேல் என்று ஆகியிருந்தது. அவன் முகம் வாடிவிட்டது. திட்டவில்லை. அந்தக் கைக்குழந்தையின் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவன் அன்றே போய் அந்த வீடுகளில் எல்லாம் மறுபடி சொல்லிவிட்டு வந்தான்.

காசு வாங்காமல் செய்கிறோம் என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்று நினைத்தால், நம்பிக் குடிக்கிறவர்கள் வீட்டில்தான் அது போய் விடியும். லேபில் கையெழுத்துப் போடும் முன் எத்தனை முறை பார்த்தேனோ, இப்போதும் அத்தனை முறை பார்க்கிறேன். என்ன, இப்போது கிணற்றையும் போய்ப் பார்க்கிறேன், காய்ச்சினால் எது போகும் எது போகாது என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்ல நேரமும் இருக்கிறது. நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

சரி, இப்போது வேலை. சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகக் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் தண்ணீர் போகிறது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த அதே பள்ளிக்கரணைதான். நம் தாங்கல் நிரம்பிக் கலங்கல் வழியாக வெளியேறும் தண்ணீர் இந்தச் சங்கிலியில் எங்கே போய்ச் சேருகிறது என்று படமாகக் காட்ட எங்களில் யாருக்கும் தெரியவில்லை. உனக்குத் தெரியும். புனேயில் ரோட்டுக்கு வரைபடம் செய்கிறாயே, அதையே வாய்க்காலுக்குச் செய்ய வேண்டும். புலப்பட நகல்களையும் கிராம வரைபடத்தையும் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். அவற்றைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தி, எங்கள் 42 லெவல் புள்ளிகளையும் வைத்துக் கொடு. உன் ஆபீஸ் சாஃப்ட்வேரை இதற்குத் தொடாதே. வரைபடம் செய்யும் கியூஜிஐஎஸ் சாஃப்ட்வேர் இலவசம், அதிலேயே எல்லாம் செய்யலாம் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். இதற்காக லீவு போட வேண்டாம், ராத்திரி கண்விழிக்கவும் வேண்டாம். புரட்டாசி முடிவதற்குள் கிடைத்தால் ஐப்பசி மழைக்கு முன்னால் அதிகாரி கையில் கொடுத்துவிடுவோம்.

பிள்ளையார் கோயில் முதல் படியின் உயரத்தை 100.000 மீட்டர் என்று வைத்துத்தான் எல்லா மட்டமும் எழுதியிருக்கிறது. 12ஆவது புள்ளியில் அப்பா எழுதியது ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. அவருக்கும் நினைவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அந்த இடத்தை மறுபடி அளந்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை அந்தப் புள்ளியைப் படத்தில் சேர்க்காதே.

அன்புடன்,
அம்மா