மச்சானுக்கு, கல்குடாக் காணி பற்றி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தை அவவுக்கு யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை. சின்னவளுக்குச் செங்கலடிப் பக்கம் இடமாற்றம் கிடைத்துவிட்டது. மாமாங்கத் தீர்த்தத்தில் கட்டையனைக் கண்டேன். நீ வந்தால் அந்தச் சைக்கிள் கணக்கை வட்டியோடு தீர்க்க வேண்டுமாம். சரி, சுகசேதி இவ்வளவு போதும்.

வட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். முழுவதையும் வாசி, மறுகா பேசு.

செவ்வாய்க்கிழமை உன் புரோக்கர் வீட்டுக்கு வந்தார். கல்குடாவில் கடற்கரையோரம் அறுபது பேர்ச் காணி, கனடா அண்ணர் ஓம் சொல்லிவிட்டார், அட்வான்ஸ் அனுப்பப் போகிறார் என்று ஒரே மூச்சில் சொன்னார். டொரண்டோத் துணைத் தூதரகத்தில் நீ கையெழுத்து வைத்து அனுப்ப, உனக்காக இங்கே இன்னொருவர் கையெழுத்து வைக்கிற அற்றோணித் தத்துவம் அடித்துத் தயாராக இருக்கிறதாம். அற்றோணியாக என் பெயரைப் போட்டிருந்தார்கள். என் அடையாள அட்டைக் கொப்பி மட்டும்தான் குறை. மச்சான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் காணிப் பகுதியில் இருந்து பென்ஷன் எடுத்தவனை விட்டுவிட்டு, தமிழ்க்கடை வாசலில் கண்ட ஆளிடமா காணி விசாரிப்பாய்?

கொப்பி கொடுக்கவில்லை. காணி உறுதிப் பத்திரத்தின் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த நாள் கட்டையனின் மோட்டார் சைக்கிளில் கல்குடாவுக்குப் போனேன்.

இடம் அழகுதான். பொய் சொல்லமாட்டேன். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் கிழக்குக் கடல் எப்படிக் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். பாசிக்குடாவில் எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணி இடுப்புக்கு மேலே ஏறாது என்று பந்தயம் பிடித்தோமே, அதே கடல், அதே வெயில். காணியைச் சுற்றிப் புதுக் கொங்கிரீட் தூண், புது முள்ளுக்கம்பி. உள்ளே நிற்கிற கஜு மரங்கள் மட்டும் புதிது இல்லை. ஒவ்வொன்றும் கட்டிப் பிடிக்க முடியாத பருமன். மரத்தடியில் ஒரு சருகு இல்லை, விளக்குமாற்றுக் கோடு மண்ணில் அப்படியே இருந்தது. ஆள் இல்லாத காணி என்று புரோக்கர் சொன்ன இடத்தை யாரோ காலையில் கூட்டியிருக்கிறார்கள்.

பக்கத்து ஒழுங்கையால் ஒரு கிழவி வந்தா. யார் காணி என்று கேட்டேன். "எங்கட அப்பாட பெர்மிட் மனே. தொண்ணூறில ஓடினம், பிறகு வந்து கிணத்த இறைச்சு இருக்கிறம். இந்தத் தூண ஆர் நட்டதெண்டு தெரியா" என்றா. வீட்டுக்குப் போய்ச் சொப்பிங் பையில் சுற்றிய கடுதாசியைக் கொண்டுவந்தா. மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட்தான். தகப்பன் பெயரிலேயே நிற்கிறது, அவருக்குப் பிறகு யாருக்கு என்ற பின்னுரிமை பதியவில்லை. ஆனால் அது அரச காணி, அனுபவிப்பது அந்தக் குடும்பம். பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் யாரும் கைமாற்ற முடியாது. மாற்றி எழுதினாலும் செல்லாது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் அது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே தலைமை எழுத்தர் வாயால் சொல்லித் தந்தது.

அப்படியானால் புரோக்கர் கையில் இருக்கிற உறுதி என்ன? 2011இல் எழுதிய பிரகடன உறுதி. ஒருவர் உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்கு முன்னால் போய், இந்தக் காணி எனக்குச் சொந்தம், இத்தனை வருஷமாக ஆண்டு அனுபவிக்கிறேன் என்று தானே தனக்கு எழுதிக்கொண்டது. அதற்கு முன்னால் ஒரு உறுதியும் இல்லை. நல்ல நொத்தாரிசு யாரும் முப்பது வருஷமாவது பின்னோக்கிப் பதிவேட்டைத் தேடாமல் கைவைக்கமாட்டார். இதில் தேடுவதற்கே ஒன்றும் இல்லை.

நீ இந்த இடத்தில் என்ன சொல்வாய் என்று தெரியும். "சரிடா, இந்தக் காணி வேண்டாம், வேறு நல்ல உறுதிக் காணி பார்" என்பாய். அங்கேதான் இரண்டாவது சிக்கல்.

உன்னிடம் இருப்பது கனடாப் பாஸ்போர்ட். அதை எடுத்த அன்றே இலங்கைப் பிரஜாவுரிமை போய்விட்டது. இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி எத்தனையோ தரம் சொன்னேன், நீ பார்ப்போம் பார்ப்போம் என்றாய். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜைக்கு இங்கே காணியைச் சொந்தமாக எழுத முடியாது. எழுதினால் அந்த உறுதிக்குச் சட்டத்தில் பெறுமதியே இல்லை. 99 வருஷம் வரைக் குத்தகைக்கு எடுக்கலாம். அடுக்குமாடியில் வீடு என்றால், முழுக்காசையும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே கொண்டுவந்து கட்டி வாங்கலாம். கல்குடாவில் அடுக்குமாடிக்கு எங்கே போவாய், தென்னை மரத்திலா? இரட்டைப் பிரஜைக்கு இந்தத் தடை ஒன்றும் இல்லை. முதுசமாகப் பிள்ளைகளுக்குப் போவதையும் சட்டம் தடுக்கவில்லை. உன் புரோக்கர் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னது என்ன தெரியுமா? "அண்ணரிட்ட பழைய அடையாள அட்டை இருக்குத்தானே, அது போதும்." மச்சான், அது போதாது. அந்த அட்டையை நீட்டி நீ கையெழுத்து வைக்கிற நிமிஷமே பொய் சொன்னவனாக ஆகிவிடுவாய். நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் அவர் இருக்கமாட்டார், உன் பெயர்தான் இருக்கும்.

அது சரிவராவிட்டால் காணியை என் பெயரில் எழுதலாம் என்று இன்னொரு வழியும் சொன்னார். நீயும் அதற்குச் சம்மதமாம். இதைக் கேட்டுத்தான் இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நீ என்னை நம்புகிறாய், அது எனக்குப் பெரிய விஷயம். ஆனால் எனக்கு அறுபது தாண்டிவிட்டது. நான் கண்ணை மூடினால் அந்தக் காணி சட்டப்படி என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். என் மருமக்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு உன்னைத் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை சொக்லேட்டோடு வருகிற கனடா மாமா, அவ்வளவுதான். நம்மட ஊரில் வீடு வளவு பெண்பிள்ளையோடு போகிற சீர் உனக்குப் புதிதா? என் பெயரில் ஒரு காணி நின்றால் பேத்திக்குச் சீதனம் பேசும்போது யாராவது அதைக் கணக்கில் எடுப்பார்கள். அப்போது உன் மகள்கள் ஸ்கார்பரோவிலிருந்து வந்து, இது எங்கள் அப்பாவின் காசு என்று எப்படிச் சொல்வார்கள்? ஒரு துண்டுக் கடுதாசி இருக்குமா? நம் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் நீதிமன்ற வாசலில் நிற்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது. என் பெயரில் எழுதச் சொல்லி இனிக் கேட்காதே. எனக்கு நீ வேண்டும்.

இதெல்லாம் கடந்து நல்ல உறுதிக் காணியே கிடைத்தது என்று வை. காசுக் கணக்கையும் பார்த்துவிடு. "காணி விலை மூன்று மடங்கு ஏறிவிட்டது, பாங்கில் போட்டால் இப்படி வருமா" என்று எழுதியிருந்தாய். மடங்கு ரூபாயில். உன் வாழ்க்கை டொலரில். 2010இல் அமெரிக்க டொலர் 113 ரூபாய் அளவில் இருந்தது. அன்றைக்கு ஒருவர் 20 லட்சத்துக்குக் காணி வாங்கியிருந்தால் ஏறக்குறைய 17,700 டொலர் போட்டிருப்பார். இன்றைக்கு 60 லட்சத்துக்கு விற்றால், டொலர் 300 என்றே வைத்தாலும், கையில் 20,000. பதினைந்து வருஷத்துக்கு அவ்வளவுதான். அதிலும் முத்திரை வரி, நொத்தாரிசு, வேலி, காவல், மூலதன ஆதாய வரி எல்லாம் போக வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தொட்டதே, அந்த மாதங்களில் பெற்றோல் வரிசையில் நாங்கள் நின்றது உனக்குச் செய்தி. எங்களுக்கு அது நாள்.

புரோக்கர் காசை வங்கியால் இல்லாமல் ஆள் கைமாறி வருகிற உண்டியலில் அனுப்பச் சொன்னாராம், ரேட் கூட என்று. உண்டியலில் வந்த காசுக்கு வரலாறு இல்லை. வங்கி மூலம் உள்முக முதலீட்டுக் கணக்கில் வந்த காசு என்றால்தான், விற்கிற நேரம் அதைத் திரும்ப வெளியே கொண்டுபோகக் கேட்கலாம். அப்புறம் உன் பக்கத்துக் கணக்கு. ஒரு லட்சம் கனடிய டொலருக்கு மேல் கொடுத்து முதலீடாக வெளிநாட்டுச் சொத்து வாங்கினால் வருமான வரியோடு டி1135 படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் நாளுக்கு 25 டொலர் தண்டம், 2,500 வரைக்கும். வாடகைக்கு விட்டாலும் அந்த வருமானத்தை அங்கே காட்ட வேண்டும். இதை உன் கணக்காளரிடம் கேட்டாயா?

எல்லாவற்றுக்கும் மேலாக, இருக்கிற வீட்டை ஈடு வைத்துக் கடன் எடுக்கப் போகிறாய் என்று தங்கச்சி அழாக்குறையாகச் சொன்னாள். கனடா மத்திய வங்கி வட்டியை 2022 தொடக்கத்தில் 0.25 வீதத்தில் வைத்திருந்து 2023 யூலையில் 5 வீதத்துக்கு ஏற்றியபோது இரவு இரவாக என்னோடு கதைத்தவன் நீதானே? இரண்டாவது வேலைக்குப் போனாயே. இப்போது குறைந்திருக்கிறது என்பதற்காக அதை மறந்துவிடுகிறாயா? கல்குடா மணலில் ஒரு வருமானமும் வராத காணிக்காக ஸ்கார்பரோவில் பிள்ளைகள் படுக்கிற கூரையைப் பணயம் வைக்காதே.

சென்னையில் வீடு வாங்கலாம் என்ற உன் சித்தப்பா மகனின் யோசனையையும் கட்டி வை. வெளியே இருக்கிற, இந்திய வம்சாவளி அல்லாத வெளிநாட்டவர் அங்கே வீடு வாங்க முடியாது. இலங்கைப் பாஸ்போர்ட்காரருக்கும் ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். அதனால்தான் யாருடையவாவது பெயரில் வாங்குகிறார்கள். 2016இல் திருத்திய பினாமிச் சட்டத்தில் அதற்கு ஏழு வருஷம் வரை சிறை, சொத்தும் பறிமுதல். உங்கள் நாட்டையே பார், 2023 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டவர் வீடு வாங்குவதைத் தடுத்து, அதை 2027 தொடக்கம் வரை நீட்டியிருக்கிறது. எல்லா நாடும் இப்போது தன் மண்ணை இறுக்கிப் பிடிக்கிறது.

நல்ல பக்கம் இல்லையா என்றால், இருக்கிறது. கிழக்கின் சீசன் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, உங்கள் பள்ளிக்கூட விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. அறுகம் குடாவில் சின்னதாகத் தங்குமிடம் போட்டுப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அங்கேயே இருந்து, அறையைத் தாங்களே கூட்டி, மழைக் காலத்தில் ஓட்டைத் தாங்களே மாற்றுகிறவர்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, மறுகா கொரோனா, மறுகா 2022 நெருக்கடி என்று ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தபோது தாக்குப்பிடித்தவர்களும் அவர்கள்தான். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்ன கட்டுவதானாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். நாவலடியை நினைத்தால் அது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு நாம் அங்கே யார் யாரைத் தேடினோம் என்று உனக்கு நான் எழுதவா வேண்டும்?

மச்சான், உனக்கு வேண்டியது முதலீடு இல்லை என்று நினைக்கிறேன். உனக்கு இங்கே வந்து இருக்க ஆசை. அதை லாபக் கணக்கில் ஒளித்து வைக்கத் தேவையில்லை, தங்கச்சியிடம் நேரே சொல். எனக்கும் நீ வந்தால் போதும் என்றுதான் இருக்கிறது. பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நடக்க ஆள் இல்லை, கட்டையனுக்கு முழங்கால் வலி. முதலில் இரட்டைப் பிரஜாவுரிமைக்குப் போடு. அடுத்த கச்சான் காற்றுக் காலத்துக்கு வந்து மூன்று நாலு மாதம் எங்கள் முன் வீட்டில் வாடகைக்கு இரு. மேல்மாடி சும்மாதான் கிடக்கிறது. வெயிலும் நுளம்பும் கரண்ட் பில்லும் பழகட்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் கடற்பக்கத்து எழுவான்கரையில் ஊருக்குள்ளே பத்துப் பதினைந்து பேர்ச்சில் உறுதி வீடு ஒன்றை நானே பார்த்துத் தருகிறேன். பதிவேடு நானே தேடுவேன், சேவையரைக் கூட்டிப்போய் எல்லைக் கல்லை நானே எண்ணுவேன். உன் பெயரில், உன் கையெழுத்தில், நீ நேரில் நின்று.

அட்வான்ஸ் ஒரு சதமும் அனுப்பாதே. அனுப்பியிருந்தால் எந்த வழியால், யார் பெயருக்கு, எந்தத் திகதியில் என்று உடனே எழுது. சிலிப் இருந்தால் படம் எடுத்து அனுப்பு. அந்தக் கிழவியின் குடும்பத்தைப் பிரதேச செயலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன், பின்னுரிமைக்குரிய படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறேன் என்று. திங்கட்கிழமை போகிறோம். ஞாயிறு உனக்குக் காலை, எனக்கு இரவு. அப்போது போன் எடு. தங்கச்சியையும் பக்கத்தில் இருத்திக்கொள்.

உன் அன்பு மச்சான்,
ஒல்லி