புகையால் கெடுவது நெஞ்சு மட்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு எடுக்கும் தொட்டிக்கரிப் புகையால் கிணறும் தென்னையும் கெடுவதைப் பற்றி உங்கள் இதழில் படித்தேன். வளரும் பிள்ளைகளின் மனசு என்ன ஆகிறது என்று யாரும் எழுதக் காணோம். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

காங்கேயம் பக்கம் எங்கள் ஊர். ஊருக்குக் கிழக்கே குழி வெட்டித் தேங்காய்த் தொட்டியைச் சுடுகிறார்கள். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புகையை அந்தப் பக்கமே தள்ளிக்கொண்டு போய்விடும். கார்த்திகை, மார்கழியில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் தரையோடு படிந்து ஊருக்குள் வந்துவிடும்.

என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். இருட்டும்வரை வாலிபால் ஆடிக்கொண்டிருந்த பையன், இப்போது பொழுது சாய்ந்ததும் ஜன்னல் சந்தில் ஈரத்துணியைச் செருகுகிறான். நடுச்சாமத்தில் பார்த்தால் கட்டில் ஓரம் உட்கார்ந்திருப்பான். "என்ன கண்ணு?" என்றால், "ஒண்ணுமில்லீங்மா, தூக்கம் வரல" என்பான். ஒருநாள் பேனாவை எடுத்ததற்காகத் தங்கச்சி மேல் எரிந்து விழுந்தான். அப்புறம் அவனே தேம்பித் தேம்பி அழுதான். பதினேழு வயசுப் பையன் சார்.

பரீட்சை பயம், செல்போன் எல்லாம் இருக்கும்தான். பழி மொத்தத்தையும் புகை மேல் போடவில்லை. ஆனால் அரையாண்டு லீவுக்கு வால்பாறையில் பெரியம்மா வீட்டில் இருந்த எட்டு நாளும் விடியும்வரை தூங்கினான். ஊருக்கு வந்த மறுநாளே பழையபடி ஆகிவிட்டான். மனநலத்துக்கான 14416 எண்ணுக்குக் கூப்பிட்டோம். இலவசம்தான், தமிழிலேயே பேசினார்கள். ஜன்னலைத் திறக்க முடியவில்லை என்பதைத்தான் அவன் முதலில் சொன்னான்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 9,000 பேருக்கு மேல் பிறப்பிலிருந்து கவனித்து 2024இல் ஓர் ஆய்வு வெளியானது. தாய் வயிற்றில் இருந்தபோது நுண்துகள் மாசு கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம், 13 வயதுக்கும் 24 வயதுக்கும் இடையில் மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்பட்டதாம். புகைதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை, தொடர்பு இருக்கிறது என்கிறார்கள். நம் நாட்டில் பிஎம் 2.5 எனப்படும் அந்த நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். அங்கே இருந்த மாசு அதில் பாதிகூட இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவோ வெறும் 5. அப்படியென்றால் குழிப் புகைக்குப் பக்கத்தில் வளரும் எங்கள் பிள்ளைகள் கதி?

ஆலையை மூடச் சொல்லவில்லை. எங்கள் சொந்தக்காரர்களே அங்கே கூலிக்குப் போகிறார்கள். இந்தக் கரிதான் ஆக்டிவேட்டட் கார்பனாகி எங்கெங்கோ தண்ணீரையும் காற்றையும் சுத்தம் செய்கிறது. புகையை உள்ளேயே எரித்துவிடும் மூடிய சூளைகள் இருக்கின்றன. அவற்றுக்கு மாற அரசு கடன் கொடுத்து உதவட்டும்.

மாசு அளக்க வருகிறவர்கள் பகல் பதினொரு மணிக்கு வராமல் ராத்திரி பத்து மணிக்கு வரட்டும். மருத்துவ முகாமில் இருமல் உண்டா, கண் எரிகிறதா என்று கேட்பதோடு, "தூங்கினாயா சாமி, மனசு எப்படி இருக்கு?" என்றும் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காங்கேயம் வட்டம்,
திருப்பூர் மாவட்டம்.