சங்கக்கடை வரிசையில் என்ன இல்லை?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் இலக்கியப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். எழுதியவர் பெரிய படிப்பாளி என்பது பெயருக்குப் பின்னால் நின்ற பட்டங்களிலிருந்தே விளங்கியது. ஈழத்து எழுத்து உலகத் தரத்தை எட்டாததற்கு அவர் ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறார். நம்மவர்கள் சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) வரிசையையும் கிணற்றடிப் பேச்சையும் விட்டு வெளியே வருகிறார்களில்லையாம். வாழ்வின் பெரிய கேள்விகள் அங்கே கிடையாவாம். அவை எங்கே கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. இடம் போதாமல் போயிருக்கும்.

அது அவருடைய கருத்து, இருந்துவிட்டுப் போகட்டும். தாங்கள் அந்த வரியை மட்டும் பொறுக்கியெடுத்து, தடித்த எழுத்தில், பெட்டி கட்டிப் போட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது.

கிணற்றடிக்குப் பிறகு வருகிறேன். சங்கக்கடை எனக்குத் தெரிந்த இடம். ஓய்வு பெறும்வரை வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் கூட்டுறவுச் சங்கக் கிளையில் முகாமையாளராக இருந்தவன் நான். 1990களின் தொடக்கத்தில், அரசின் பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெய் வரப்போகிறது என்று ஊரில் ஒரு கதை அடிபட்டால் போதும். விடியுமுன்னே கடை வாசலில் போத்தல்களும் பைகளும் கற்களும் வரிசைக்கு நின்றுவிடும். ஆட்கள் பிறகுதான் வருவார்கள். போத்தலுக்குச் சண்டை வந்ததுண்டு. இது யாருடைய கல் என்பதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. பாடசாலை அதிபருக்கு முன்னால் அவர் வீட்டுக்கு வேலி அடைக்கிறவர் நிற்பார். ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடிக்காதவர்கள் தோளோடு தோள் உரச நின்றார்கள். வரிசை கலைந்து வீட்டுக்குப் போன பிறகும் அவர்கள் தண்ணீர் குடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதைவிடப் பெரிய கேள்வி கட்டுரையாளரிடம் இருந்தால் அறியத் தரட்டும்.

அப்போது நிவாரணப் பொருள்கள் குடும்ப அட்டைப்படி கொடுக்கப்பட்டன. ஊரில் இல்லாதவர்களின் பெயரை விதானையார் (கிராம அலுவலர்) பட்டியலிட்டு அனுப்புவார். அட்டையில் அந்தப் பெயரை வெட்டிவிட்டு, மிச்சப் பேருக்கு அரிசி, மா, சீனி நிறுத்துக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் ஒரு தாய் வந்தார். அட்டையை மேசையில் வைத்தார், கையை எடுக்கவில்லை. ஒரு பெயரின் மீது பெருவிரல் அழுத்தியபடி இருந்தது. "அவனுடைய சீனி வேண்டாம் தம்பி, மாவும் வேண்டாம். பெயர் மட்டும் கிடக்கட்டும்" என்றார். நான் பேனையை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்து மெல்லிதாக ஒரு கோடு போட்டேன். அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார், சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை அட்டை வந்தபோது கோடு இல்லை. அந்த இடத்தில் அட்டை சற்று மெலிந்திருந்தது. நான் மறுபடியும் கோடு போட்டேன். அவர் மறுபடியும் அழித்துக்கொண்டு வந்தார். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வலிகாமமே ஊரை விட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வு வரை இப்படியே நடந்தது.

இதைக் கதையாக்கும் கை எனக்கில்லை. அந்தக் கை உள்ளவர்கள் இதே மண்ணில் இருந்தார்கள். யாழ்ப்பாண நகரத்தில் சலூன் வைத்து முடி வெட்டிய டொமினிக் ஜீவாவின் முதல் சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது தங்களுக்குத் தெரியாததல்ல. 1966இல் மல்லிகை என்ற இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கி, இதழ்களைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து விற்ற மனிதர் அவர். கத்தரிக்கோலும் சீப்பும் கிடந்த இடத்தில் இலக்கியம் பேசப்பட்டது. கட்டுரையாளர் அந்த வழியால் போயிருந்தால், இது வேறு தளம் என்று திரும்பியிருப்பார்.

இனிக் கிணற்றடி. பெண்கள் வம்பளக்கும் இடம் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார் போலும். யார் வாளியைத் தொடலாம், யார் குடத்தை வைத்துவிட்டு, ஊற்றுகிறவர் வரும்வரை தள்ளி நிற்க வேண்டும் என்று ஊர் சட்டம் போட்டு வைத்திருந்த இடம் அது. தேநீர்க்கடைகளில் சாதி பார்த்துச் சிலருக்கு மட்டும் தனிப் பேணி (குவளை) வைத்திருந்த சமூகம் நாங்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், உள்ளே போக உரிமை கேட்ட ஒடுக்கப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதைத் தங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. கே. டானியல் தமது நாவல் ஒன்றுக்குத் தண்ணீர் என்றே பெயர் வைத்தார். அதற்குமுன் அவர் உலகத் தரம் பற்றி யாரிடமும் ஆலோசனை கேட்டதாகத் தெரியவில்லை. அளவெட்டியில் பிறந்த கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியோ இன்னும் ஒருபடி மேலே போய், தமது காவியத்துக்கு ஒரு சாதாரண மனிதனது சரித்திரம் என்று பெயரிட்டார். காவியம் என்றால் அரசனும் தேரும் என்று இருந்தவர்களுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்!

பழந்தமிழ்தான் வேண்டுமென்றால் குறுந்தொகை 167ஆம் பாட்டை எடுத்துப் பார்க்கட்டும். புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் தயிர் பிசைந்த கையைச் சேலையில் துடைக்கிறாள். தாளித்த புகை கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் நன்றாக இருக்கிறது என்று உண்கிறான். அவள் முகம் கண்டும் காணாமலும் மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு. போர் இல்லை, பெரிய கேள்வி இல்லை. கூடலூர் கிழார் இன்று இதைத் தங்கள் ஞாயிறு இதழுக்கு அனுப்பினால் "சம்பவம் போதாது" என்று திரும்பி வந்திருக்கும்.

"சம்பவம் போதாது" நான் புனைந்த சொல்லன்று. என் தங்கை, ஒரு ஆச்சி முற்றத்தில் பனங்கிழங்கு ஒடியல் காயவைப்பதையும், மழை இருட்டியதும் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து பாயைச் சுருட்டுவதையும் கதையாக எழுதித் தங்களுக்கு அனுப்பினாள். இரண்டு வீட்டுக்கும் எல்லை வழக்கு; பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பாயைச் சுருட்டுவது சம்பவம் இல்லையென்றால், ஐயா, யாழ்ப்பாணத்தில் சம்பவமே நடந்ததில்லை. வேலிக்கு இந்தப்பக்கமிருந்து அந்தப்பக்கம் போவதற்கு இங்கே எத்தனை தலைமுறை எடுக்கும் என்பது தங்களுக்குத் தெரியும். அவள் அதற்குப் பிறகு எழுதவில்லை. தையல் தைக்கிறாள்.

தங்கள் பத்திரிகை இலக்கியத்தைக் கவனிப்பதில்லை என்று சொல்லமாட்டேன். நூல் வெளியீட்டு விழாக்களுக்கு அரைப் பக்கம் தருகிறீர்கள். மங்கள விளக்கை யார் யார் ஏற்றினார்கள், வரவேற்புரை யார், பொன்னாடை யார் யாருக்கு, முதற்பிரதி வாங்கியவர் எந்தக் கடை முதலாளி, எல்லாம் பிழையில்லாமல் வந்துவிடுகிறது. புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு மட்டும் இடமில்லை. பிரதம விருந்தினர் மேடையில் வைத்துப் பின்னட்டையை வாசிப்பதை நான் முன்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். என் பேத்தி சாதாரண தரப் பரீட்சைக்கு இலக்கிய நயம் படிக்கிறாள். தனியார் வகுப்பில் கொடுத்த குறிப்பை மனப்பாடம் செய்கிறாள். கவிதையை வாசித்தாயா என்று கேட்டேன். குறிப்பிலேயே எல்லாம் இருக்கிறது தாத்தா என்றாள். அவளை நோவதில் பயனில்லை.

ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் பிறந்தால் 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைப் பற்றியும், சாம்பலான 97,000 நூல்களைப் பற்றியும் தாங்கள் எழுதும் தலையங்கத்தை நான் தவறாமல் வாசிக்கிறேன். வாசிக்கும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் எஞ்சியிருக்கிற சில வாசகர்களுக்கு வாரத்தில் ஒரு முழுக் கதை கொடுக்க மனமில்லாத பத்திரிகை, அந்தத் தலையங்கத்தை எந்த முகத்துடன் எழுதுகிறது? அந்தத் தடைக் காலத்தில் சிக்கன விளக்கென்று ஜாம் போத்தலுக்குள் ஒரு திரியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு, கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சான பத்திரிகையைக் கண்ணைச் சுருக்கி வாசித்தவர்கள் நாங்கள். இன்று தாள் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, வர்ணம்கூட இருக்கிறது.

முன்பு சிறுகதைக்கு ஒரு பக்கம் முழுதாகக் கிடைத்தது. பிறகு அரைப் பக்கமாயிற்று. இப்போது மரண அறிவித்தலும் அந்தியேட்டி (ஈமக்கிரியை) அழைப்பும் போக மிஞ்சும் மூலையில் எறும்பளவு எழுத்தில் கதை வருகிறது. இறந்தவர்களுக்கு நான் எதிரியல்லன். எனக்கும் ஒருநாள் அந்தப் பக்கத்தில் இடம் வேண்டும். ஆனால் சென்ற மாதம் இரண்டாவது ஞாயிறு தாங்கள் செய்தது என்ன? நல்ல கதை. கனடாவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்த மகன் வேலிப் படலைக்கு வெளியே நிற்கிறான். தாய் அடுப்படியில் பானை கழுவுகிறாள். நாய் குரைக்கவில்லை, வாலை ஆட்டுகிறது. தாய் அதைக் கவனித்துவிட்டாள். ஈரக் கையோடு எழும்பி முற்றத்துக்கு வருகிறாள், படலைக் கொண்டியில் கை வைக்கிறாள். அதற்குக் கீழே கறுப்புக் கட்டம் போட்ட ஓர் அந்தியேட்டி அழைப்பு. கதை அடுத்த பக்கத்திலும் இல்லை, அடுத்த வாரத்திலும் இல்லை.

இது குறித்து முன்னரும் ஒரு கடிதம் அனுப்பினேன். அதில் போகிற போக்கில் எங்கள் ஒழுங்கை வடிகாலைப் பற்றி எழுதியிருந்த இரண்டு வரியை மட்டும் எடுத்துப் பிரசுரித்தீர்கள். பிரதேச சபை வந்து வடிகாலைத் துப்புரவு செய்தது. அதற்கு நன்றி. இம்முறை அந்த வாய்ப்பையும் தராமலிருக்க வடிகாலைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

கட்டுரையாளருக்கு மறுப்பு எழுத எனக்குப் பக்கம் தரவேண்டாம். தங்கையின் கதையைத் தேடி எடுக்கவும் வேண்டாம்; அது எந்தக் கூடையில் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். சென்ற மாதம் விடுபட்ட கடைசிப் பத்தியை, அது எத்தனை வரியானாலும், வருகிற ஞாயிறு இதழில் போட்டுவிடுங்கள். அந்தத் தாய் படலையைத் திறந்தாள் என்று ஒரு பகுதியும், திறந்திருக்க மாட்டாள் என்று ஒரு பகுதியுமாக எங்கள் சனசமூக நிலையம் பிரிந்து கிடக்கிறது. நிர்வாகசபைக் கூட்டமும் இந்த மாதம் அதனால் நடக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சங்கக்கடை முகாமையாளர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.