பறவை பார்க்க வருவோர் பள்ளிக்கூடத்துக்கும் வரட்டும்

ஆசிரியருக்கு,

ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் வரை வலசைப் பறவைகளோடு அவற்றைப் பார்க்க வரும் வெளிநாட்டவர்களும் இலங்கையில் இருப்பார்கள். சிங்கராஜ மழைக்காட்டுக்குப் போகுமுன்போ விமானம் ஏறுமுன்போ கொழும்பில் அவர்களுக்கு ஒரு நாள் மிஞ்சும். தலங்கம குளத்திலோ பெல்லன்வில - அத்திடிய சரணாலயத்திலோ அதைக் கழிப்பார்கள். அவர்களில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளோடு பேச விரும்புவோரைத் தமிழ்மொழிப் பாடசாலைகள் கட்டாயம் அழைக்க வேண்டும். ஆயத்தம் செய்யாமல் அழைத்தால், யாரோ வெளிநாட்டார் வந்துபோனார் என்பது மட்டுமே பிள்ளைகளின் மனதில் நிற்கும்.

முதல் ஆயத்தம் பெயர்கள். மொழிபெயர்க்கும் ஆசிரியைக்குப் பறவைப் பெயர் தெரியாவிட்டால், வருபவர் சொல்லும் எல்லாமே "ஒரு குருவி" ஆகிவிடும். பள்ளி வளவில் நிற்கும் காகம், அண்டங்காகம், மைனா, புலுனி, கொண்டைக்குருவி, செண்பகம், குயில் ஆகிய ஏழின் படங்களையும் தமிழ்ப் பெயர்களையும் முதல் நாளே சுவரில் ஒட்டி, வருபவருக்கும் அனுப்பிவிடுங்கள். இருநூறு படம் காட்டும் பேச்சு தரம் மூன்றுக்கு வேண்டாம். கழுத்தில் சாம்பல் பூசியது காகம், முழுக்கறுப்பும் தடித்த அலகும் உடையது அண்டங்காகம். இந்த வேறுபாட்டைத் தானே கண்டுபிடித்த பிள்ளை மற்றதையும் தேடிப் பார்க்கும். காகக் கூட்டில் குயில் முட்டையிடும் கதையையும் அங்கேயே தொடங்கலாம்.

நேரம், காலைக் கூட்டம் முடிந்த முதல் பாடவேளை. ஒன்பதரைக்குப் பிறகு வெயில் ஏறினால் பறவைகள் அடங்கிவிடும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு பாண்ட் வாத்தியப் பயிற்சி நடக்கும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். பத்து நிமிடம் வகுப்பறையில், இருபத்தைந்து நிமிடம் வெளியில் போதும். ஒரு குழுவில் பத்துப் பேர், மூன்று பைனாகுலர்.

பைனாகுலரில்தான் அதிகம் பிழை நேர்கிறது. பெரியவர்களின் எட்டுக்கு நாற்பத்திரண்டு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் அகலம் நாற்பத்திரண்டு மில்லிமீற்றர்) பல பிள்ளைகளுக்குப் பொருந்தாது. சின்னப் பிள்ளைகளின் இரு கண்களுக்கும் இடையிலான தூரம் குறைவு, குழாய்கள் அந்தளவுக்கு நெருங்கி மடங்குவதில்லை. இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரிய, பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொள்ளும். எட்டுக்கு முப்பத்திரண்டு, ஆறுக்கு முப்பது போன்ற சிறியவை நல்லது. முதலில் வாரைக் கழுத்தில் போடவேண்டும். பிறகு இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை நடுவே மடிக்கவேண்டும். கண்ணாடி போட்ட பிள்ளையென்றால் கண்வளையங்களை உள்ளே திருகிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊசித்துளை அளவுதான் தெரியும். இருபது மீற்றர் தள்ளி ஒரு பெயர்ப்பலகையில் எழுத்துத் தெளியும்வரை பழக்கிவிட்டு வெளியே கூட்டிப்போங்கள். பறவையை வெறுங்கண்ணால் பிடித்து, பார்வையை எடுக்காமல், தலையை அசைக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரவேண்டும். பைனாகுலரை வைத்துக்கொண்டு தேடினால் இலைதான் அகப்படும். சூரியன் எப்போதும் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பைனாகுலரால் சூரியனை ஒரு கணம் பார்த்தாலும் கண் கெட்டுவிடும்.

வருபவர் சொல்லக்கூடிய மிகச் சிறந்த கதை ஆறுமணிக்குருவியுடையது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டுவது, ஒக்டோபரில் கொழும்பு வீட்டுத் தோட்டத்துக்கு வந்து விடியலிலும் பொழுதுபடும்போதும் கூப்பிடும். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, இறக்கையில் நீலம். உலகப்படத்தில் அதன் வழியை விரலால் காட்டி, விரலை இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையில் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை நிலமே இல்லை. இலங்கை ஏன் வலசையின் கடைசித் தரிப்பு என்பதை அந்த விரலே சொல்லிவிடும். வந்த களைப்பில் சுவரிலோ யன்னல் கண்ணாடியிலோ மோதி விழுந்த குருவியைக் கண்டால், துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைக்கவும், வாயில் தண்ணீர் ஊற்றாமலிருக்கவும் பிள்ளைகள் பழகட்டும்.

கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதை அதிபர்கள் அனுமதிக்கக் கூடாது. வேறொரு பறவை எல்லைச் சண்டைக்கு வந்ததென்று நினைத்து அங்கிருக்கும் பறவை இரையை விட்டுவிட்டு அலையும். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமின்றிப் பிள்ளைகளைப் படமெடுப்பதும் கூடாது, வருபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

அவர் போனபின் ஒரு அட்டவணை சுவரில் இருக்கட்டும்: திகதி, நேரம், பறவை, எத்தனை. ஒரே இடத்தில் நின்று ஐந்து நிமிடம் எண்ணுவது திங்கட்கிழமை வேலை. அடுத்த ஒக்டோபரில் வருபவருக்குப் பிள்ளைகளே அதை வாசித்துக் காட்டலாம்.

இப்படிக்கு,
பறவை அவதானிப்போர் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.