வீட்டில் செய்யும் லேசர் டேக் கருவி: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். ஒளிக்கதிரால் எதிராளியைச் சுட்டு விளையாடும் லேசர் டேக் விளையாட்டுக்கான கருவியை வீட்டிலேயே அமைக்க முற்படும் உறுப்பினர்கள், பெயரில் லேசர் இருப்பதால் உண்மையான லேசர் டயோடைப் பொருத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது விழித்திரையைப் புண்படுத்தக்கூடும். அதற்கு மாற்றாக, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடியை 38 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் துடிக்கச் செய்து, ஒவ்வொரு வீரரின் எண்ணையும் குறியீடாக அனுப்பினால், அதே அதிர்வெண்ணுக்கென அமைந்த உணரி, வெயிலையும் விளக்கொளியையும் பெருமளவு ஒதுக்கிவிட்டு, அந்தக் குறியீட்டை மட்டும் ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகைக்குத் தரும். எல்இடிக்கு முன்னால் குவிலென்சை அதன் குவியத் தொலைவில் நிறுத்தி, இரண்டையும் ஒரு குழாய்க்குள் அடைத்தால் கதிர் அதிகம் சிதறாமல் தொலைவு செல்லும். பொறுமை மிகவும் தேவைப்படும் வேலை இதுதான் என்பது என் கருத்து. எல்இடியை டிரான்சிஸ்டர் வழியாக, உரிய மின்தடையுடன் மட்டுமே இணையுங்கள். உணரியின் மின் இணைப்பருகே ஒரு மின்தேக்கியையும் சேருங்கள்; மின்னழுத்த அலைவால் பொய்யான அடிகள் பதிவாவது அதனால் குறையும்.