‘வலி இல்லை’ என்று பதிந்தவர்களுக்கு

மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் அவசரப் பிரிவில் என் அம்மாவுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். என் புகாரும் உங்கள் நான்கு வரிப் பதிலும் கோப்பில் இருக்கின்றன. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை.

“நெஞ்சு வலி இருக்கிறதா?”

“வலியெல்லாம் இல்லை தம்பி. பிசைகிற மாதிரி இருக்கிறது.”

மேசையில் இருந்தவர் கணினியில் ‘இல்லை’யைத் தட்டினார். பிசைவதற்கு அங்கே கட்டம் கிடையாது. வலி இல்லாதவர் காத்திருக்கலாம் அல்லவா? முந்தானையைச் சுருட்டி நெஞ்சோடு அழுத்தியபடி அம்மா மூன்று மணி நேரம் காத்திருந்தார். பிறகு எடுத்த ஈசிஜியில் மாரடைப்பு தெரிந்தது.

அம்மா எதையும் மறைக்கவில்லை. அவருக்கு வலி வேறு, பிசைவது வேறு. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல் ஒவ்வொன்றும் வேறு. பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு வலியே இல்லாமல், மூச்சுத் திணறலாகவோ அசதியாகவோ வரக்கூடும் என்று உங்கள் மருத்துவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படிவத்துக்குத்தான் தெரியவில்லை.

வலிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை எண் கொடுக்கும் அளவுகோலைப் பின்பற்றியதாக உங்கள் பதில் சொல்கிறது. எவ்வளவு என்று கேட்குமுன் எப்படி என்று கேட்க வேண்டாமா? கனடிய உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975-இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாப்பட்டியலில், வலி எப்படிப்பட்டது என்று சொல்ல 78 சொற்கள், 20 தொகுதிகளாக இருக்கின்றன. ஆங்கிலச் சொற்கள்தாம், ஆனாலும் ‘வலி’ என்ற ஒற்றைச் சொல் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தமிழ் மட்டும் குறையில்லாதது என்று வாதாட வரவில்லை. உயர் இரத்த அழுத்தத்தை ‘இரத்தக் கொதிப்பு’ என்றே கேட்டுப் பழகிய என் அப்பா, கோபம் வராத நாளில் மாத்திரையை விட்டுவிடுவார். அவரை உட்காரவைத்து விளக்க முடிந்தது. உங்கள் படிவத்தை யார் உட்காரவைப்பது? அதில் கைப்பேசி எண்ணை இரண்டு இடத்தில் கேட்கிறீர்கள். பணம் கட்டப்போவது யார் என்பதற்குத் தாராளமாக மூன்று வரி. நோயாளி வாய்திறந்து சொன்னதற்கு ஒரு வரி இல்லை. உங்கள் பதிவேட்டின்படி அம்மாவுக்கு அன்று ஒன்றுமே இல்லை. அவருக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன். கேட்பது ஒரே ஒரு வெற்று வரி. நோயாளி சொன்னதை அவருடைய சொல்லிலேயே எழுத ஒரு வரி. ‘இல்லை’யைத் தட்டுமுன் மருத்துவரோ செவிலியரோ அதைப் படிக்க வேண்டும். அடுத்த வாரம் அம்மாவை மறுபரிசோதனைக்கு அழைத்து வருகிறேன். அதற்குள் அந்த ஒரு வரியைச் சேர்த்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்று அம்மாவின் பக்கத்தில் நின்ற மகன்