தவணை நிறைவுக் கடிதம்: பெற்றோர் பார்வைக்கு

அன்புள்ள பெற்றோர்களே, பாதுகாவலர்களே, வணக்கம்.

இத்தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. குறுக்கோட்டத்திலும் திருக்குறள் மனனப் போட்டியிலும் நம் மாணவர்கள் பள்ளிக்குப் பெயர் வாங்கித் தந்தார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டுப்பணியில் பள்ளித் தோட்டம் புதுப்பொலிவு பெற்றது. உழைத்த அனைவருக்கும் நன்றி.

அடுத்து, சிறப்புக் கல்வி வகுப்புப் பெற்றோர்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டிய ஒன்று.

நம் பிள்ளைகள் சிலர் மருத்துவமனையில் பிசியோதெரப்பிக்கும் ஆக்குபேஷனல் தெரப்பிக்கும் போய் வருகிறார்கள். நிற்கவும் நடக்கவும் பழக்குவது ஒன்று. தானே சாப்பிட, பொத்தான் போட, பென்சில் பிடிக்கப் பழக்குவது மற்றொன்று. ஒரு முறை போய் வந்தால் அடுத்த முறைக்குப் பல வாரங்கள் ஆகிவிடும். அதுவரை பழக்கம் நடப்பது நம் நடைபாதையிலும் சிற்றுண்டிச்சாலையிலும் உங்கள் வீட்டிலும்தான்.

பெற்றோரின் அனுமதியோடு ஒன்றைச் சொல்கிறேன். இடக்கை இறுகியிருக்கும் நம் மாணவன் ஒருவனுக்குப் பாட்டிதான் தினமும் ஓய்வு நேரத்தில் வந்து ஊட்டிவிடுவார். ஒரு நாள் அவரால் வர முடியவில்லை. பையன் உணவு டப்பாவை இடது முழங்கையால் வயிற்றோடு அணைத்துக்கொண்டான். வலக்கைக் கட்டைவிரலை மூடியின் விளிம்பில் கொடுத்து நெம்பினான். மூன்று முறை வழுக்கியது. ஆசிரியை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். மூடி திறந்தபோது பாதி பீஹூன் (அரிசி சேமியா) மேசையில் கொட்டியது. மீதியை அவனே முள்கரண்டியால் சாப்பிட்டு முடித்தான். மறுநாள் பாட்டி வந்தார். அவன் டப்பாவைத் தொடவே இல்லை.

பினாங்குப் பாலத்து நெரிசலில் தவித்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு நேரமாகிவிட்டதே என்று பிள்ளையை வாசலிலிருந்து வகுப்புவரை தூக்கிக்கொண்டு ஓடும் அப்பாக்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தூரம்தான் பிள்ளையின் காலைப் பயிற்சி. பத்து நிமிடம் முன்னதாக வாருங்கள். முடியாவிட்டால் வாசலில் எங்களிடம் விட்டுச் செல்லுங்கள். வாக்கரோடு நாங்கள் நடத்திக் கூட்டிப்போகிறோம். பிள்ளை தாமதமாக வந்ததாகப் பதிய மாட்டோம்.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். அடுத்த தவணை முதல், மருத்துவர் எழுத்துமூலம் சொல்லியிருந்தால் தவிர, ஓய்வு நேரத்தில் ஊட்டிவிட யாரும் உள்ளே வரக்கூடாது. பெரியவர் கையெழுத்தில் வரும் வீட்டுப்பாடம் திருப்பி அனுப்பப்படும். கோணல்மாணலாக இரண்டே வரி இருந்தாலும் பிள்ளை எழுதியதே வேண்டும். கால் ஸ்பிளிண்ட், அதாவது பாதத்தை நேராகப் பிடித்துவைக்கும் அணை, பையில் வரக்கூடாது, காலில் வர வேண்டும். அதைப் போடாமல் விட்டு, இறுக்கமுள்ள காலில் கெண்டைத் தசை மெல்லச் சுருங்கினால் குதிகால் தரையில் படாமல் போய்விடும். மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களே என்று ஒரு தாயார் கலங்கினார். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு அம்மா, உங்களுடையது அல்ல.

மாற்றுத்திறனாளிப் பிள்ளை எவரையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையை மலேசியக் கல்வி அமைச்சு 2019-இல் கொண்டுவந்தது. அதற்கு முன் இடம் கேட்டுப் பள்ளி பள்ளியாக அலைந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். நீங்கள் பட்ட பாட்டை நான் அறிவேன். ஊட்டிய கையை நிறுத்துவது எளிதல்ல என்பதும் தெரியும். உங்கள் பொறுமைக்கு நெஞ்சார்ந்த நன்றி.

பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை காலை, வீட்டுப் பயிற்சிகளைச் செய்து காட்ட ஆசிரியர்கள் காத்திருப்பார்கள். பாட்டி, தாத்தாவையும் அழைத்து வாருங்கள். பிள்ளையின் ஸ்பிளிண்ட், அன்றாடம் போடும் காலணி, உணவு டப்பா மூன்றும் கையோடு இருக்கட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்